காது கேளாத பிள்ளைக்கு மனநலத் தங்கும் சிகிச்சை: இராமநாதபுரம் கடலோரக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தொண்டியிலிருந்து பாம்பன், கீழக்கரை வழியாக மூக்கையூர் வரை உள்ள பெற்றோரும், விடுதிக் காப்பாளர்களும், சிறப்பாசிரியர்களும் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே உள்ளன. மருத்துவரை நேரில் பார்ப்பதற்கு இவை மாற்று ஆகா. மருத்துவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளப் பயன்படும்.

காது கேட்காததால்தான் பிள்ளைக்கு இவ்வளவு கோபமா?

காது கேளாமையால் கோபம் வராது. சொல்லவும் கேட்டுக்கொள்ளவும் வழி இல்லாமல் போவதால் வரும். காது கேளாமல் பிறக்கும் பிள்ளைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கும் மேல் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறந்தவர்கள். வீட்டில் ‘சாப்பிடு’, ‘வா’, ‘தூங்கு’, ‘அடி விழும்’ என்று கொஞ்சம் வீட்டுச் சைகை இருக்கும். ‘ஏன்’, ‘எப்போது’, ‘நாளைக்கு’, ‘திரும்பி வருவார்’ என்பதற்கெல்லாம் சைகை இருக்காது. கடலுக்குப் போன அப்பாவை இலங்கைக் கடற்படை பிடித்துவைத்தால், வீட்டில் அழுகையும் போன் பேச்சுமாக இருப்பதிலிருந்து காது கேட்கும் பிள்ளை விவரத்தைப் பொறுக்கிக்கொள்ளும். காது கேளாத பிள்ளைக்குத் தெரிவது இரண்டே: அப்பா இல்லை, அம்மா அழுகிறாள். அது தட்டை எறிந்தால் அதற்குப் பைத்தியம் என்று பொருளில்லை.

1994-ல் லண்டனில் நடந்த ஓர் ஆய்வு, காது கேளாத பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்கு 40 முதல் 50 பேருக்கு மனநலச் சிக்கல் இருந்ததாகச் சொன்னது. 2012-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்த மீளாய்வுக் கட்டுரை இன்னும் குறிப்பாகச் சொன்னது: தான் சொல்வதை வீட்டாருக்குப் புரியவைக்க முடியாத பிள்ளைக்கு, புரியவைக்க முடிந்த பிள்ளையைவிட மனநலச் சிக்கல் வரும் வாய்ப்பு நான்கு மடங்கு. ஆகவே எந்தச் சிகிச்சை இடத்தைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இரவு ஒன்பது மணிக்குப் பிள்ளை பயந்து எழுந்தால், அதனுடன் சைகையில் பேச அங்கே யார் இருக்கிறார்கள்?

தங்கவைத்துச் சிகிச்சை எப்போது தேவைப்படும்?

தன்னையோ பிறரையோ காயப்படுத்துவது நிற்காதபோது; சாகும் எண்ணத்தைக் காட்டும்போது; சாப்பாடும் தூக்கமும் நாள்கணக்கில் நின்றுபோனபோது; இல்லாததைப் பார்த்துப் பயப்படுவது போன்ற மனச்சிதைவு அறிகுறி வந்தபோது; வீட்டிலேயே பிள்ளைக்கு ஆபத்து இருக்கும்போது. பள்ளிக்குப் போக மறுப்பது, படுக்கையை நனைப்பது, தம்பியை அடிப்பது போன்றவற்றுக்கு வெளிநோயாளியாகப் பார்த்தால் போதும்.

படுக்கை நனைக்கும் விஷயத்தில் ஒன்று. விடுதியில் இருட்டு நடைபாதையைக் கடந்துபோகப் பயந்து படுக்கையிலேயே போய்விடும் பிள்ளைகள் உண்டு. மாத்திரைக்கு முன் அங்கே ஓர் இரவு விளக்கு போட்டுப் பாருங்கள். ஒலி எழுப்பும் படுக்கை மணி இவர்களுக்குப் பயன்படாது, அதிரும் வகை வேண்டும்.

‘விடுதியில் சமாளிக்க முடியவில்லை, எங்காவது சேர்த்துவிடுங்கள்’ என்பது சேர்ப்பதற்கான காரணம் ஆகாது. பல நேரங்களில் விடுதியில் சைகை தெரிந்த ஆள் இல்லை என்பதைத்தான் அது காட்டுகிறது.

இந்தப் பக்கத்தில் எங்கே போவது?

காது கேளாத பிள்ளைகளின் மனநலத்துக்கென்றே தங்கும் மையம் இந்தக் கடலோரத்தில் இல்லை. வெளிநாட்டில் அப்படிச் சில உண்டு. லண்டனில் ஸ்ப்ரிங்ஃபீல்ட் மருத்துவமனை வளாகத்திலுள்ள ‘கார்னர் ஹவுஸ்’ காது கேளாத பிள்ளைகளுக்கான உள்நோயாளிப் பிரிவு. அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாமில் உள்ள ‘வால்டன் பள்ளி’ படிப்பும் சிகிச்சையும் சேர்ந்த தங்கும் பள்ளி. இப்படிப்பட்ட இடங்களில் சைகை மொழிதான் நாள் முழுக்கப் புழங்கும் மொழி. காது கேளாத பெரியவர்களும் அங்கே பணியாளர்களாக இருப்பார்கள். அதை அளவுகோலாக வைத்துக்கொண்டு இங்கே இருப்பதை இணைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

முதல் படி இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு. மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது 2022-ல். மாவட்ட மனநலத் திட்டக் குழுவையும் அங்கே கேட்கலாம். அடுத்து மதுரை அரசு இராசாசி மருத்துவமனை. இராமேஸ்வரத்திலிருந்து இராமநாதபுரமே 55 கிலோமீட்டர், அங்கிருந்து மதுரைக்கு இன்னும் இரண்டு மடங்கு தூரம். ஆகவே ஒரே பயணத்தில் காது, கண், மனநலம் மூன்றையும் பார்க்கத் தேதி வாங்குங்கள். பிள்ளைகளுக்கெனத் தனி வார்டும், உடன் பெற்றோர் தங்கும் வழக்கமும் வேண்டுமென்றால் பெங்களூருவில் நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல மருத்துவமனை இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்திலும் குடும்பம் உடன் தங்கியே சிகிச்சை நடக்கிறது. போகும் முன், சைகை மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா, நாமே அழைத்துவர வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள்.

அவசரத்தில் பெற்றோர் ஆலோசனை கேட்க, அரசின் மனநலத் தொலைபேசி உதவியான ‘டெலி மானஸ்’ எண் 14416. அது பேச்சு வழி சேவை. பிள்ளைக்காக நீங்கள்தான் பேச வேண்டும்.

சேர்ப்பதற்கு முன் உடம்பில் என்னென்ன பார்க்க வேண்டும்?

இதை அவசரத்தில் தாண்டிவிடுகிறார்கள். காது கேளாமைக்குக் காரணமான நோயே நடத்தையையும் மாற்றக்கூடும் என்பதால் நிதானமாகப் பாருங்கள்.

கண்: பகலில் சாதாரணமாக இருக்கும் பிள்ளை பொழுது சாய்ந்ததும் அம்மாவை ஒட்டிக்கொள்கிறதா, தடுக்கி விழுகிறதா, தொட்டால் துள்ளி அடிக்கிறதா? அஷர் நோய்க்குறி உள்ள பிள்ளைகளுக்குப் பிறவிக் காது கேளாமையுடன் முதலில் மாலைக் கண் வரும், பிறகு பக்கப்பார்வை குறுகும். பக்கத்தில் நீட்டிய கை தெரியாது. திடீரென்று முன்னால் ஆள் முளைத்தது போல இருக்கும். இதை ‘சாயங்காலம் காத்து கருப்பு பிடிக்கிறது’ என்று சொல்லிவிடுவார்கள். விழித்திரைப் பரிசோதனை கட்டாயம் வேண்டும்.

இதயம்: அரிதாக, பிறவிக் காது கேளாமையுடன் இதயத்தின் மின்னோட்டக் கோளாறும் சேர்ந்து வரும். ஓடும்போது, பயப்படும்போது, கடலில் குதிக்கும்போது மயங்கி விழும். வலிப்பு என்று தவறாக எழுதப்படும். மனநல மருந்துகளில் சில இதே மின்னோட்டத்தை இன்னும் நீட்டும். ஆகவே முதல் மாத்திரைக்கு முன்பே ஓர் இ.சி.ஜி. எடுத்து, அந்த மின்னோட்டம் எவ்வளவு நீள்கிறது என்று காட்டும் க்யூ.டி. இடைவெளியை எழுதித் தரச் சொல்லுங்கள். செலவு குறைவு, வேலை சில நிமிடம்.

வலிப்பு: மூளைக்காய்ச்சலில் காது போன பிள்ளைக்கு வலிப்பும் இருக்கலாம். வெறித்துப் பார்த்து நிற்பதை ‘கவனிக்க மாட்டேன் என்கிறான்’ என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கழுத்து வீக்கம் இருந்தால் தைராய்டும் பார்க்க வேண்டும்.

காதும் மிஷினும்: மிஷினைப் பிடுங்கி எறியும் பிள்ளையின் காதைத் திறந்து பாருங்கள். சீழ், அழுக்கு, உரசிய புண் மூன்றில் ஒன்று இருக்கும். காது அச்சு வளரும் பிள்ளைக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் சின்னதாகிவிடும். ‘கீ’ என்று விசிலடித்தால் அதுதான் காரணம். கடல் காற்றில் உப்பும் ஈரமும் பேட்டரி முனையில் பச்சை பிடிக்கவைக்கும். இரவில் பேட்டரியைக் கழற்றி, மூடியைத் திறந்து, சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவில் மிஷினை வையுங்கள். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் ஈரம் நிறைந்துவிட்டது, சூடாக்கி மீண்டும் நீலமாக்க வேண்டும். மணிகளைப் பிள்ளை வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அறுவை சிகிச்சையில் உட்காதில் பொருத்தும் காக்ளியர் கருவி வைத்த பிள்ளை தலையை முட்டிக்கொண்டால் காதுக்குப் பின்னால் வீக்கம் இருக்கிறதா, கருவி வேலை செய்கிறதா என்று அன்றே பார்க்க வேண்டும். ஸ்கேன் எடுக்குமுன் கருவி இருப்பதைச் சொல்லிவிடுங்கள்.

‘புத்தி வளர்ச்சிக் குறைவு’ என்று சான்றிதழில் எழுதிவிட்டார்கள். சரிதானா?

எந்தச் சோதனையால் அளந்தார்கள் என்று கேளுங்கள். வாயால் கேட்டு வாயால் பதில் சொல்லும் சோதனை என்றால் அந்த மதிப்பெண் காது கேளாமையை அளந்திருக்கிறது, அறிவை அளக்கவில்லை. படக்கட்டங்களில் விடுபட்டதைக் கண்டுபிடிக்கும் ரேவன் சோதனை, வடிவக்கட்டைகளைப் பொருத்தும் சேகுயின் பலகை போன்ற பேச்சில்லாச் சோதனைகளே பொருந்தும். அவற்றையும் என்ன செய்ய வேண்டும் என்று சைகையில் விளக்கிய பிறகுதான் தொடங்க வேண்டும்.

ஏழெட்டு வயது வரை எந்த மொழியும் முழுதாகக் கிடைக்காத பிள்ளைக்கு நேரம், காரணம், வரிசை ஆகியவை குழம்பியிருக்கும். நேற்று நடந்ததையும் போன வருடம் நடந்ததையும் கலந்து சொல்லும். இதைக் குறைந்த அறிவு என்றும், சில சமயம் மனச்சிதைவு என்றும் எழுதிவிடுகிறார்கள். சைகை மொழி தெரியாத மருத்துவர் வேறு தவறுகளும் செய்யக்கூடும். சைகை மொழியில் புருவமும் வாயும் இலக்கணத்தின் பகுதி, கோபத்தின் அடையாளம் அல்ல. தரையை மிதிப்பதும் தோளைத் தட்டுவதும் கூப்பிடும் முறைதான்.

அண்ணனோ அக்காவோ சைகையை மொழிபெயர்த்துச் சொன்னால் போதாதா?

சாப்பாட்டு விஷயத்துக்குப் போதும். சிகிச்சைக்குப் போதாது. வீட்டில் நடந்த அடி, குடி, தொடக்கூடாத இடத்தில் தொட்டது எதையும் அண்ணன் வாயிலாகப் பிள்ளை சொல்லாது. சொன்னாலும் அண்ணன் வடிகட்டிவிடுவான்.

பயிற்சி பெற்ற இந்திய சைகை மொழி பெயர்ப்பாளர் வேண்டும். பிள்ளைக்கு வீட்டுச் சைகைதான் தெரியுமென்றால் அவரும் போதாது. காது கேளாத பெரியவர் ஒருவர் பிள்ளையின் சைகையைப் புரிந்து தெளிவான சைகை மொழியில் சொல்ல, மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொல்வார். சுற்றுவழிதான், ஆனால் சேதாரம் குறைவு. முக்கால் மணி நேரப் பேச்சுக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஆள் தேட மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தையும் அருகிலுள்ள காது கேளாதோர் சங்கத்தையும் கேட்கலாம். பிள்ளையின் சொந்த விடுதிப் பணியாளர் மட்டும் வேண்டாம்.

மொழிபெயர்ப்பாளர் மருத்துவருக்குப் பக்கத்தில், பிள்ளைக்கு எதிரே உட்கார வேண்டும். சன்னல் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் கறுத்துவிடும். பூப்போட்ட சட்டை வேண்டாம். மருத்துவர் பிள்ளையைப் பார்த்துப் பேச வேண்டும், மொழிபெயர்ப்பாளரைப் பார்த்து அல்ல. எதற்கும் தலையாட்டிவிடும் பழக்கம் இந்தப் பிள்ளைகளுக்கு ஊறிப்போனது. அதனால் இடையிடையே ‘இல்லை’ என்று மட்டுமே பதில் வரக்கூடிய கேள்வி ஒன்றைப் போட்டுப் பார்க்க வேண்டும். ‘ஆடு படகு ஓட்டுமா?’ சரி. ‘மீன் பறக்குமா?’ வேண்டாம், பறவைக் கோலா என்னும் பறக்கும் மீனைப் பார்த்த பிள்ளை ஆமென்றுதான் சொல்லும்.

சேர்ப்பதற்குச் சட்டம் என்ன சொல்கிறது?

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 நடைமுறைக்கு வந்தது 2018 மே 29-ல். 18 வயதுக்குக் குறைந்தவரைச் சேர்ப்பது பற்றி அதன் 87-ஆம் பிரிவு சொல்கிறது. விண்ணப்பிக்க வேண்டியவர் பிள்ளையின் பாதுகாவலர். சேர்க்கும் நாளிலோ அதற்கு முந்தைய ஏழு நாளுக்குள்ளோ மருத்துவ அல்லது மனநல வல்லுநர் இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும். அவர்களில் ஒருவராவது மனநல மருத்துவராக இருக்க வேண்டும். பிள்ளையைப் பெரியவர்களுடன் ஒரே வார்டில் வைக்கக்கூடாது. பாதுகாவலரோ அவர் அனுப்பும் துணையோ முழு நாள்களும் உடன் தங்க வேண்டும். பெண் பிள்ளையின் பாதுகாவலர் ஆண் என்றால் துணை பெண்ணாக இருக்க வேண்டும். 72 மணி நேரத்துக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். 30 நாளைத் தாண்டினால் உடனே வாரியத்துக்குச் சொல்ல வேண்டும். வாரியம் ஏழு நாளுக்குள் மறுஆய்வு செய்து, பிறகு 30 நாளுக்கு ஒருமுறை பார்க்கும். பாதுகாவலர் வேண்டாம் என்றால் பிள்ளையை அனுப்பிவிட வேண்டும்.

‘கையெழுத்து போட்டுவிட்டுப் போங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று சொல்லும் இடத்தில் பிள்ளையைச் சேர்க்காதீர்கள். பதிவுச் சான்று காட்ட மறுக்கும் இடத்திலும்தான்.

உடன் தங்கினால் எங்கள் பிழைப்பு என்னாவது?

நியாயமான கேள்வி. பாசி எடுக்கும் தாய்க்கும் கருவாட்டுக் கொட்டகையில் வேலை பார்க்கும் தாய்க்கும் ஒரு மாதக் கூலி போனால் வீடு ஆடிப்போகும். சட்டம் தாயைத்தான் இருக்கச் சொல்லவில்லை. பாட்டி, சித்தி, அத்தை யாராக இருந்தாலும் சரி, பிள்ளையின் சைகை தெரிந்தவராக இருப்பது முக்கியம். முறைவைத்து மாறிக்கொள்ளலாம்.

அவசரம் இல்லாத சேர்க்கை என்றால், விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலத்தை, அதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாளை, யோசித்துப் பாருங்கள். அப்பா கரையில் இருப்பார், பள்ளியும் பெரும்பகுதி விடுமுறை. குடும்பம் முழுவதும் சைகை கற்றுக்கொள்ள இதைவிட நல்ல காலம் இந்தக் கரையில் கிடைக்காது. நாட்டுப்படகுக்காரர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. கீழக்கரைப் பக்கம் அத்தா வளைகுடா நாட்டில் இருந்தால், குடும்பக் கூட்டத்துக்கு வீடியோ அழைப்பில் அவரைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அங்கே நாள் முழுவதும் என்ன செய்வார்கள்?

நல்ல இடத்தில் முதல் வேலை, அடுத்து என்ன நடக்கும் என்று பிள்ளைக்குத் தெரியவைப்பது. படக்கால அட்டவணை சுவரில் இருக்கும். முடிந்த வேலையின் படத்தைப் பிள்ளையே கழற்றிப் பெட்டியில் போடும். அதில் ‘அம்மா வருகிற நாள்’, ‘வீட்டுக்குப் போகிற நாள்’ படங்களும் இருக்க வேண்டும். உணர்ச்சிகளுக்கு முகப்படங்களும் ஐந்து நிறப் படிகளும் வைத்து, எரிச்சல் மூன்றாம் படியில் இருக்கும்போதே காட்டப் பழக்குவார்கள். ‘கோபம்’ என்ற ஒரே சைகையை மட்டும் வைத்திருந்த பிள்ளைக்கு ‘ஏமாற்றம்’, ‘வெட்கம்’, ‘பொறாமை’ கிடைத்தாலே அடிதடி குறையத் தொடங்கும். நடந்ததைப் படக்கதையாக வரைந்து, எங்கே வேறு மாதிரி செய்திருக்கலாம் என்று பார்ப்பதும் உண்டு.

கட்டடத்தையும் பாருங்கள். தீ எச்சரிக்கை மின்னும் விளக்குடன் இருக்கிறதா, கழிப்பறை வழியில் இரவு விளக்கு எரிகிறதா, உட்காரும் இடம் வட்டமாக இருக்கிறதா. இரவில் எல்லா விளக்கையும் அணைப்பது இந்தப் பிள்ளைகளின் வாயை மூடுவதுபோல.

மருந்து கொடுப்பார்களா?

தேவைப்பட்டால். ஆனால் மொழி இல்லாத குறையை மருந்தால் அடைக்க முடியாது. சில மனநோய் மருந்துகளால் கை நடுங்கும், விறைக்கும். பேசும் பிள்ளைக்கு அது தொல்லை. சைகை செய்யும் பிள்ளைக்கு நாக்கே கட்டுண்ட நிலை. கழுத்து ஒரு பக்கம் திரும்பி, கண் மேலே செருகினால் அது மருந்தின் பக்கவிளைவு. உடனே மருத்துவமனைக்குப் போனால் ஊசியில் இளகும். அதிகத் தூக்கமும் சாதாரணம் இல்லை, கண் சொருகியிருக்கும் நேரமெல்லாம் பிள்ளைக்குப் பேச்சு நின்றுபோகிறது. எடை, கை நடுக்கம், தூக்க நேரம் மூன்றையும் வாரம் ஒருமுறை குறித்துக்கொள்ளுங்கள். மருந்தை நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள்.

அடம் பிடித்தால் கட்டிப்போடுவார்களா?

2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் எரிந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். இப்போது சங்கிலி எந்த வடிவிலும் கூடாது, தனியறையில் பூட்டுவதும் கூடாது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மனநல மருத்துவர் அனுமதித்து, பதிவேட்டில் எழுதி, தேவையான நேரத்துக்கு மட்டும் உடலைக் கட்டுப்படுத்தலாம். காது கேளாத பிள்ளையின் கையைப் பிடித்தால் அதன் பேச்சையும் பிடித்ததாகும். அதனால் தவிர்க்க முடியாத நேரத்திலும் ஒரு கையாவது விடுபட்டு, ஒருவர் முகம் அதன் கண்ணெதிரே இருந்து சைகை செய்தபடி இருக்க வேண்டும்.

வீட்டிலும் இதே முறைதான். பின்னாலிருந்து பிடிக்காதீர்கள். விளக்கைப் போடுங்கள். கத்தியையும் கண்ணாடியையும் அகற்றுங்கள். எல்லோரும் கையாட்டாமல் ஒருவர் மட்டும், இரண்டு கை தூரத்தில் நின்று, மெதுவாகச் சைகை செய்யுங்கள்.

ஏர்வாடி தர்காவில் கொஞ்ச நாள் தங்கவைக்கலாம் என்கிறார்களே?

துஆ கேட்பதில் தவறில்லை. குடும்பத்துக்கு அது தெம்பு தரும். மருத்துவம் அதனால் தள்ளிப்போகக் கூடாது. தர்கா வளாகத்தில் மருந்தும் துஆவும் சேர்ந்து நடக்கும் அரசு மனநலச் சேவை இதற்காகவே வந்தது. அங்கே வந்த பிள்ளையையும் அந்த மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். புகை, வேப்பிலை அடி, பட்டினி போடுவது வேண்டவே வேண்டாம். ஏன் அடிக்கிறார்கள் என்று பிள்ளைக்குச் சொல்லக்கூட வழி இல்லை.

யாரோ தவறாக நடந்திருப்பார்களோ என்று சந்தேகம். என்ன செய்வது?

திடீரென்று ஓர் ஆளையோ அறையையோ பார்த்து மிரள்வது, குளிக்க உடை கழற்ற மறுப்பது, பொம்மையில் பாலியல் செயலைச் செய்துகாட்டுவது ஆகியவற்றைக் கண்டால் நீங்களே திரும்பத் திரும்பக் கேட்டுக் குடையாதீர்கள். பிள்ளை காட்டிய சைகையை அப்படியே, யாரிடம், எப்போது என்று எழுதிவையுங்கள். பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் போக்சோ சட்டம், 2012-ன் 19-ஆம் பிரிவுப்படி தெரிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். மறைத்த விடுதிப் பொறுப்பாளருக்கும் தண்டனை உண்டு. வாக்குமூலம் பதிவு செய்யும்போது பிள்ளையின் சைகை அறிந்தவரையோ சிறப்பாசிரியரையோ கேட்டுப் பெறலாம். குற்றம் சாட்டப்பட்டவரின் நிறுவனத்து ஆள் மொழிபெயர்க்கக் கூடாது என்று எழுத்தில் சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098.

வீடு திரும்பிய பிறகு?

திரும்பிய முதல் வாரமே மறுபரிசோதனைக்குத் தேதி வாங்கிவிட்டு வாருங்கள். மருத்துவமனையில் கற்ற சைகைகளை வீடியோவாக எடுத்துவந்து வீட்டில் எல்லோரும் பழகுங்கள். அங்கே பேசிய பிள்ளை இங்கே மறுபடி ஊமையானால் பழைய கோபம் திரும்பிவிடும். இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையத்தின் அகராதியில் 10,000-க்கும் மேற்பட்ட சொற்கள் வீடியோவாக இருக்கின்றன. நாளுக்கு ஐந்து போதும், சாப்பிடும்போதே பழகலாம்.

பழைய பள்ளி திரும்பச் சேர்க்க மறுக்கிறது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-ன் 31-ஆம் பிரிவு, ஊனம் 40 விழுக்காடோ அதற்கு மேலோ உள்ள 6 முதல் 18 வயதுப் பிள்ளைக்கு அருகிலுள்ள பள்ளியிலோ, விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உரிமை தருகிறது. மறுப்பை எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் எழுதித் தர மாட்டார்கள், பேச்சு அங்கேயே மாறும். மாறாவிட்டால் மாற்றுத்திறனாளிக்கான தனித்துவ அடையாள அட்டை நகலுடன் வட்டார வள மையத்துக்கும், ஆட்சியர் அலுவலகத்தில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும் மனு கொடுங்கள். மனுவுடன் மருத்துவரின் ஒரு பக்கக் குறிப்பையும் இணையுங்கள். அதில் நோயின் பெயர் தேவையில்லை. பிள்ளை எதனால் எரிச்சலடையும், எப்படி அமைதியாகும், யாருடன் சைகையில் பேசும், மருந்து நேரம் எது என்ற நான்கும் இருந்தால் வகுப்பாசிரியருக்கு உதவும்.